ஆளை அனுப்பினால் வேலை யாருக்கு? கலிஃபோர்னியா வயல்களில் 1964-க்குப் பிறகு நடந்தது

எதைப் பற்றிய ஆய்வு

வெளியாள் வந்து கூலியைக் கெடுக்கிறான், அவனை அனுப்பிவிட்டால் உள்ளூர்க்காரருக்கு வேலையும் கிடைக்கும், கூலியும் ஏறும் என்ற பேச்சு எந்த நாட்டிலும் உண்டு. அது உண்மையா என்று சோதித்துப் பார்க்கும் சந்தர்ப்பம்தான் அபூர்வம். ஆட்கள் ஒரேயடியாக வருவதும் இல்லை, போவதும் இல்லை. அதற்குள் விலைவாசி, மழை, போர் என்று வேறு ஏதாவது மாறிவிடும். எது எதனால் நடந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும்.

அமெரிக்காவுக்கு ஒருமுறை அந்தச் சந்தர்ப்பம் வாய்த்தது. மெக்சிகோவிலிருந்து பண்ணை வேலைக்கு ஆட்களை ஒப்பந்தத்தில் கொண்டுவரும் திட்டத்தை 1964 டிசம்பர் 31 அன்று அரசு மூடியது. உள்நாட்டுப் பண்ணைத் தொழிலாளர்களின் நிலையை உயர்த்துவதுதான் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொன்னது. அந்த முடிவு எப்படி வந்தது, அதன்பின் வயல்களில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. அதிகம் பேசப்போவது கலிஃபோர்னியாவைப் பற்றி, அதிலும் தக்காளியைப் பற்றி.

பின்னணி: போர்க்காலத்தில் வந்தவர்கள்

1942 ஆகஸ்டில் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அமெரிக்க ஆண்கள் ராணுவத்துக்கும் போர்த் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள், அறுவடைக்கு ஆள் இல்லை என்று பண்ணை முதலாளிகள் முறையிட்டதன் விளைவு அது. மெக்சிகோ ஆண்கள் சில மாத ஒப்பந்தத்தில் வந்து வேலை செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். இப்படி வந்தவர்களை பிராசெரோ என்று அழைத்தார்கள்.

காகிதத்தில் ஒப்பந்தம் நன்றாகவே இருந்தது. தங்க இடம் இலவசம், போக்குவரத்துச் செலவு முதலாளியுடையது, ஒப்பந்தக் காலத்தில் நான்கில் மூன்று பங்கு நாட்களுக்காவது வேலை உறுதி, அந்தப் பகுதியில் நிலவும் கூலியே இவர்களுக்கும். உள்ளூர்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை முறியடிக்க இவர்களைப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதி இருந்தது.

போர் 1945-ல் முடிந்தது, திட்டம் முடியவில்லை. கொரியப் போரைக் காரணம் காட்டி 1951-ல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. 1956-ல் ஒரே ஆண்டில் சுமார் 4,45,000 பேர் வந்தார்கள். 22 ஆண்டுகளில் மொத்தம் 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒரே ஆள் பலமுறை வந்திருப்பதால் இது ஆட்களின் எண்ணிக்கை அல்ல. டெக்சாஸும் கலிஃபோர்னியாவும்தான் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன.

வயல்களில் தெரிந்தது

நடைமுறை வேறு மாதிரி இருந்தது. எல்லையில் உள்ள வரவேற்பு மையங்களில் ஆடையைக் களையச் சொல்லி, டிடிடி பொடி தூவி, உடலைச் சோதித்து அனுப்பினார்கள். கைரேகைபோல உள்ளங்கைக் காய்ப்பையும் பார்த்தார்கள். காய்ப்பு இல்லாதவன் விவசாயி இல்லை என்பது கணக்கு. வயலில் குட்டைப் பிடி களைக்கொத்தி கொடுத்தார்கள். நாள் முழுக்க இடுப்பை மடித்துக் குனிந்தால்தான் அதை வைத்து வேலை செய்ய முடியும். அந்தக் கருவியைக் கலிஃபோர்னியா 1975-ல்தான் தடை செய்தது.

1963 செப்டம்பரில் சலினாஸ் பள்ளத்தாக்கில், சுவாலார் என்ற ஊருக்கு அருகே, வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு வண்டியின் மீது ரயில் மோதியது. லாரியைப் பேருந்தாக மாற்றிய வண்டி அது. 32 பேர் இறந்தார்கள்.

கூலி விஷயத்தில் இருந்த சூட்சுமத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த விவாதம் முழுவதும் இதன் மேல்தான் நின்றது. உள்நாட்டு ஆள் கிடைக்கவில்லை என்று சான்று கிடைத்தால்தான் பிராசெரோவைக் கொண்டுவரலாம். நிலவும் கூலி எது என்பதை யார் முடிவு செய்வது? பருவம் தொடங்குவதற்கு முன் பண்ணை முதலாளிகளின் சங்கம் கூடி, இந்த ஆண்டு இவ்வளவுதான் கொடுக்கப்போகிறோம் என்று தீர்மானிக்கும். அந்தக் கூலிக்கு உள்ளூர்க்காரர் வரமாட்டார். வராததால் ஆள் பற்றாக்குறை என்று சான்று கிடைக்கும். பிராசெரோ வருவார். அடுத்த ஆண்டு அதே கூலிதான் அந்தப் பகுதியில் நிலவும் கூலி ஆகிவிடும்.

வந்தவருக்கோ வேறு வழி இல்லை. ஒப்பந்தம் ஒரு முதலாளியோடு. அங்கே பிடிக்கவில்லை என்று பக்கத்துப் பண்ணைக்குப் போக முடியாது, போனால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் இருக்கும் வீட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

இரு பக்கத்து வாதங்கள்

முதலாளிகள் பக்கம் மூன்று விஷயங்களைச் சொன்னார்கள். குனிந்து செய்யும் வேலைக்கு அமெரிக்கர் வரமாட்டார். ஆள் இல்லாவிட்டால் காய்கறி வயலிலேயே அழுகும். விலை ஏறும், பயிர்த்தொழிலே மெக்சிகோவுக்குப் போய்விடும். மெக்சிக்கர்களின் உடல்வாகே குனியும் வேலைக்கென்று அமைந்தது என்று கூசாமல் பேசிய அரசியல்வாதிகளும் இருந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் தொழிற்சங்கங்கள், தேவாலய அமைப்புகள், மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்களின் இயக்கங்கள் நின்றன. அவர்கள் கையில் அரசு ஆவணங்களே இருந்தன. அதிபர் ட்ரூமன் அமைத்த இடம்பெயர் தொழிலாளர் ஆணையம், வெளிநாட்டு ஆட்களால் உள்நாட்டுக் கூலி அமுங்குகிறது என்று 1951-லேயே சொல்லியிருந்தது. 1959-ல் தொழிலாளர் துறை அமர்த்திய ஆலோசகர்களும் அதையே சொன்னார்கள். 1960-ல் நன்றி நவிலல் திருநாளுக்கு மறுநாள் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம், அமெரிக்கர்களின் சாப்பாட்டு மேசைக்கு வரும் காய்கறியைப் பறிப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைக் காட்டி நாட்டையே பேசவைத்தது. திட்டத்தை நீட்டிக்கும் சட்டத்தில் 1961-ல் கையெழுத்திட்ட அதிபர் கென்னடி, உள்நாட்டுத் தொழிலாளருக்கு அது கெடுதல் செய்கிறது என்று சொல்லிக்கொண்டே கையெழுத்திட்டார்.

இதில் எளிதில் கண்ணில் படாத இன்னொரு காரணம் உண்டு. டெக்சாஸ் பருத்தி வயல்களுக்கு அதற்குள் பருத்தி எடுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பிராசெரோ தேவைப்பட்ட முதலாளிகளின் எண்ணிக்கை குறைந்தது, நாடாளுமன்றத்தில் அவர்களுக்காகப் பேசும் குரலும் குறைந்தது. நியாயம் வென்றது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. திட்டத்தைத் தாங்கிய தூண்களில் ஒன்று தானாகவே நகர்ந்திருந்தது.

எடுத்த முடிவு

1962-ல் தொழிலாளர் துறை மாநிலவாரியாக ஒரு குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. பிராசெரோ வேண்டும் என்றால் முதலில் உள்ளூர்க்காரருக்கு அந்தக் கூலியைக் கொடுக்க முன்வர வேண்டும். கலிஃபோர்னியாவில் அது மணிக்கு 1 டாலர். இதிலேயே பல முதலாளிகள் விலகிக்கொண்டார்கள். 1964-க்குள் வருபவர்களின் எண்ணிக்கை 1,77,000 அளவுக்கு இறங்கியிருந்தது.

1963 மே மாதம் பிரதிநிதிகள் சபை நீட்டிப்பை நிராகரித்தது. அப்புறம் பேரம் நடந்து, கடைசியாக ஒரே ஓர் ஆண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிந்ததும் கதவு சாத்தப்பட்டது. பழைய குடியேற்றச் சட்டத்தின் கீழ் தற்காலிக ஆட்களைக் கேட்கும் வழி மட்டும் மிச்சம் இருந்தது. தொழிலாளர் துறைச் செயலர் வில்லர்ட் விர்ட்ஸ் அதையும் இறுக்கிப் பிடித்தார். அப்படிக் கேட்க வேண்டுமென்றால் கலிஃபோர்னியாவில் மணிக்கு 1.40 டாலர் கொடுக்க வேண்டும் என்றார். 1965 முழுவதும் இந்த வழியாக வந்தவர்கள் சுமார் 20,000 பேர்தான்.

1965 கோடை

முதல் கேள்வி, இத்தனை பேர் விட்டுப்போன இடத்துக்கு யார் வருவார்கள்? அரசு யோசித்த பதில் விசித்திரமானது: பள்ளி விளையாட்டு வீரர்கள். கோடை விடுமுறையில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வயலுக்கு அனுப்பலாம், உடல் வலுவும் இருக்கும், கைச்செலவுக்குப் பணமும் கிடைக்கும் என்று திட்டம் போட்டார்கள். ஏ-டீம் என்று பெயர். புகழ்பெற்ற விளையாட்டு நட்சத்திரங்களை வைத்து விளம்பரம் செய்தார்கள். இலக்கு 20,000 மாணவர்கள். பெயர் கொடுத்தவர்கள் 18,100 பேர். உண்மையில் வயலில் இறங்கியவர்கள் சுமார் 3,300 பேர்.

அவர்களில் ஒரு குழு சான் டியாகோவிலிருந்து கலிஃபோர்னியாவின் கிழக்கு எல்லையில் உள்ள பிளைத் என்ற பாலைவன ஊருக்குக் கிர்ணிப் பழம் பறிக்கப் போனது. விடியும் முன்பே வேலை தொடங்கும். பகலில் வெயில் 43 டிகிரி செல்சியஸ் வரை போகும். கிர்ணிப் பழத்தின் தோல் சொரசொரப்பானது, அதைத் தொட்டுத் தொட்டுக் கையுறை சில மணி நேரத்திலேயே கிழிந்துவிடும். தங்கியது பழைய மரக் கொட்டகைகளில். மணிக்கு 1.40 டாலர் கூலி, பறித்த பெட்டிக் கணக்கில் சில்லறை கூடுதல். இந்தக் குழுவினர் பல்லைக் கடித்துக்கொண்டு பருவத்தை முடித்தார்கள். வேறு இடங்களுக்குப் போன மாணவர்களில் சிலர் வேலைநிறுத்தம் செய்தார்கள், சில குழுக்கள் சில வாரங்களிலேயே மூட்டை கட்டின. அடுத்த ஆண்டு அந்தத் திட்டத்தை யாரும் எடுக்கவில்லை.

இந்தக் கதையைச் சிரிப்புக்காகச் சொல்வது வழக்கம். அமெரிக்கப் பையன்களுக்கு உழைக்கத் தெம்பில்லை என்று முடித்துவிடுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தப் பையன்கள் தோற்றது வேலையிடம் மட்டும் இல்லை, அந்த வேலையைச் சுற்றிக் கட்டியிருந்த ஏற்பாடுகளிடமும்தான். கொட்டகையும் சாப்பாடும் வண்டியும், எதிர்த்துப் பேச முடியாத ஆளுக்கென்று அமைத்தவை. முதலாளி ஆளை மாற்றினார், ஏற்பாட்டை மாற்றவில்லை. செயலர் விர்ட்ஸ் அந்த ஆண்டு மார்ச்சில் கலிஃபோர்னியாவைச் சுற்றிப் பார்த்தபோது தொழிலாளர் முகாம்கள் சிலவற்றின் நிலையைக் கடுமையாகக் குறை சொன்னார்.

நகரங்களில் வேலையில்லாமல் இருந்தவர்களையும் அழைத்துப் பார்த்தார்கள். வந்தவர்களில் பலர் சில நாட்களில் திரும்பினார்கள். நிலைத்து நின்றவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பண்ணை வேலையில் இருந்த மெக்சிகோ வம்சாவளியினரும் பிலிப்பினோக்களும்தான்.

தக்காளி

இனி இந்த நிகழ்வின் மையம். கலிஃபோர்னியாவில் சாஸுக்கும் கெச்சப்புக்கும் போகும் தக்காளி அறுவடையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பிராசெரோக்கள். அவர்கள் இல்லாமல் இந்தப் பயிரே இல்லை என்று நாடாளுமன்றத்தில் அடித்துச் சொன்னவர்கள் இந்த முதலாளிகள்.

ஆனால் 1940-களிலிருந்தே டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருவர் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜாக் ஹன்னா என்ற பயிர் ஆராய்ச்சியாளர் இயந்திரத்துக்குத் தாங்கும் தக்காளியை உருவாக்க முயன்றார். கோபி லாரன்சன் என்ற பொறியாளர் அந்தத் தக்காளிக்கு ஏற்ற இயந்திரத்தை வடிவமைத்தார். செடியை அடியோடு வெட்டி, மேலே தூக்கி, உலுக்கிப் பழத்தை உதிர்க்கும் இயந்திரம். சாதாரணத் தக்காளி அந்த உலுக்கலில் கூழாகிவிடும். செடியில் எல்லாப் பழமும் ஒரே சமயத்தில் பழுக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் காயும் சேர்ந்து வந்துவிடும். தடித்த தோலும் ஒருசேரப் பழுக்கும் குணமும் கொண்ட விஎஃப்-145 என்ற ரகம் 1960-களின் தொடக்கத்தில் வந்தது. பிளாக்வெல்டர் என்ற நிறுவனம் இயந்திரத்தைத் தயாரித்து விற்கவும் தொடங்கிவிட்டது.

வாங்கத்தான் ஆள் இல்லை. ஓர் இயந்திரத்தின் விலை 20,000 டாலருக்கு மேல். மணிக்கு 1 டாலருக்கு ஆள் கிடைக்கும்போது யார் அந்தப் பணத்தைப் போடுவார்கள்? 1964-ல் கலிஃபோர்னியாவின் இந்த வகைத் தக்காளியில் இயந்திரம் அறுத்தது நூற்றுக்கு 4 பங்கைக்கூடத் தொடவில்லை. 1965-ல் அது கிட்டத்தட்ட கால் பங்கானது. 1966-ல் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 1968-ல் 95 சதவீதம்.

நான்கே பருவங்கள். ஆள் இல்லாவிட்டால் பயிரே அழியும் என்று சாட்சி சொன்னவர்களின் வயல்களில், 1965-ல் சற்றுக் குறைந்த சாகுபடிப் பரப்பு பிறகு மீண்டு, முன்பைவிடப் பெரிதாக வளர்ந்தது. இன்று அமெரிக்காவில் பதப்படுத்தப் போகும் தக்காளியில் ஏறத்தாழ எல்லாமே கலிஃபோர்னியாவில் விளைகிறது.

இயந்திரம் வந்ததால் புதிய வேலை ஒன்றும் வந்தது. இயந்திரத்தின் மேலேயே நின்று, ஓடும் பட்டையிலிருந்து காயையும் மண்கட்டியையும் பொறுக்கி எறியும் வேலை. இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். குனிய வேண்டியதில்லை என்பதால் பழைய வேலையைவிட மேல். ஆனால் அதற்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைவு. 1970-களின் நடுவில் நிறம் பார்த்துப் பிரிக்கும் மின்னணுக் கருவி வந்து அந்த வேலையிலும் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது.

அடிபட்டவர்கள் கூலிக்காரர்கள் மட்டும் இல்லை. இயந்திரம் கட்டுப்படியாக வேண்டுமென்றால் பெரிய நிலம் வேண்டும். 1962-ல் கலிஃபோர்னியாவில் சுமார் 4,000 பேர் இந்தத் தக்காளியைப் பயிரிட்டார்கள். 1973-ல் சுமார் 600 பேர். பொதுப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் பெரிய முதலாளிகளுக்காக ஆராய்ச்சி செய்து சிறு விவசாயியையும் தொழிலாளியையும் வெளியேற்றிவிட்டது என்று கிராமப்புறச் சட்ட உதவி அமைப்பு ஒன்று 1979-ல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் வென்று, 1989-ல் மேல்முறையீட்டில் தோற்றது.

இயந்திரம் கிடைக்காத பயிர்கள்

அஸ்பாரகஸ், ஸ்ட்ராபெர்ரி, லெட்டூஸ் போன்றவற்றுக்கு அன்று இயந்திரம் இல்லை. அங்கே நடந்தது எளிமையானது: சாகுபடி குறைந்தது. முதலாளிகள் கூலியை ஏற்றி உள்ளூர் ஆளைத் தேடுவதைவிடப் பயிரைச் சுருக்கினார்கள். சிலர் மெக்சிகோ பக்கம் பார்த்தார்கள். பருத்தியிலும் சர்க்கரைப் பீட்ரூட்டிலும் தக்காளியைப் போலவே இயந்திரம் முந்திக்கொண்டது.

கூலி ஏறியதா?

1965-க்குப் பிறகு பண்ணைக் கூலி ஏறத்தான் செய்தது. திட்டத்தை எதிர்த்தவர்கள் அதைக் காட்டி, பார்த்தீர்களா என்றார்கள். பல ஆண்டுகள் இதுவே ஏற்றுக்கொள்ளப்பட்ட கதையாக இருந்தது.

மைக்கேல் கிளெமென்ஸ், ஈத்தன் லூயிஸ், ஹன்னா போஸ்டல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அக்காலத்து அரசுப் பதிவேடுகளிலிருந்து மாநிலவாரிக் கணக்குகளைத் தோண்டி எடுத்து 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்வி நேரடியானது. பிராசெரோக்களை அதிகம் நம்பியிருந்த மாநிலங்கள் உண்டு, கொஞ்சம் வைத்திருந்த மாநிலங்கள் உண்டு, ஒருவரையும் வைத்திராத மாநிலங்களும் உண்டு. ஆளை அனுப்பியதால்தான் கூலி ஏறியது என்றால் முதல் வகை மாநிலங்களில் வேகமாக ஏறியிருக்க வேண்டும், கடைசி வகையில் அந்த ஏற்றம் இருக்கக் கூடாது.

அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. பிராசெரோவையே பார்த்திராத மாநிலங்களிலும் கூலி அதே போக்கில்தான் ஏறியிருந்தது. உள்நாட்டுத் தொழிலாளர்களின் எண்ணிக்கையிலும், பிராசெரோக்கள் போன இடத்தை நிரப்பும் அளவுக்கு உயர்வு இல்லை. முதலாளிகள் இயந்திரத்துக்கும் வேறு பயிருக்கும் மாறியதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். ஆள் கேட்கும் தேவையே சுருங்கிவிட்டால், ஆள் குறைந்ததால் மட்டும் கூலி ஏறாது.

டெலானோவைக் கணக்கில் எடுத்தால்

கதை இதோடு முடிந்திருந்தால் முடிவு சொல்வது சுலபம். ஆனால் சராசரிக் கணக்கில் அடங்காத ஒன்று அதே 1965-ல் நடந்தது.

அந்த ஆண்டு வசந்தத்தில் கோச்செல்லா பள்ளத்தாக்கில் திராட்சை பறிக்கும் பிலிப்பினோ தொழிலாளர்கள் ஒரு முரண்பாட்டைக் கவனித்தார்கள். மெக்சிகோவிலிருந்து ஆள் வேண்டும் என்றால் மணிக்கு 1.40 டாலர் கொடுக்க வேண்டும் என்கிறது அரசு. ஆண்டாண்டாக இங்கேயே இருக்கும் எங்களுக்கு 1.25 தானா? வேலையை நிறுத்தி 1.40-ஐ வாங்கினார்கள். பருவம் வடக்கே டெலானோவுக்கு நகர்ந்தபோது அங்கே உள்ள முதலாளிகள் அதைக் கொடுக்க மறுத்தார்கள். செப்டம்பர் 8 அன்று லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோக்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு வாரத்தில் செசார் சாவேஸின் மெக்சிகோ வம்சாவளியினர் சங்கமும் சேர்ந்துகொண்டது. ஐந்து ஆண்டுகள் நீண்ட போராட்டம், நாடு முழுக்கத் திராட்சைப் புறக்கணிப்பு, 1970-ல் ஒப்பந்தங்கள்.

பிராசெரோ திட்டம் இருந்திருந்தால் இந்த வேலைநிறுத்தத்தை முதல் வாரத்திலேயே உடைத்திருப்பார்கள் என்று அதில் ஈடுபட்டவர்கள் சொன்னார்கள். நம்பத்தகுந்த பேச்சுதான். வேலைநிறுத்தத்தில் அவர்களைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அதுவரை பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. ஆக, திட்டத்தை மூடியதால் கூலி தானாக ஏறவில்லை. ஆனால் கூலி கேட்டு நிற்கும் வாய்ப்பு சில இடங்களில் சிலருக்குக் கிடைத்தது. திராட்சைக்கு இயந்திரம் வராததும் அவர்களுக்கு உதவியது என்று நினைக்கிறேன். அதே ஆண்டு தக்காளி வயலில் வேலையை நிறுத்தியிருந்தால் இயந்திர விற்பனையாளர்தான் மகிழ்ந்திருப்பார்.

எல்லைக்கு அந்தப்பக்கம்

திரும்பிப்போனவர்கள் வேலையில்லாமல் எல்லை நகரங்களில் குவிந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்று 1965-ல் மெக்சிகோ எல்லைத் தொழில் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மக்கிலாதோரா என்ற ஏற்றுமதித் தொழிற்சாலைகள் அப்படித்தான் வந்தன. வந்த தொழிற்சாலைகள் இளம்பெண்களையே விரும்பி எடுத்தன. வயலிலிருந்து திரும்பிய ஆண்களுக்கு அங்கே அதிகம் இடமில்லை.

அவர்களில் பலருக்குப் பழைய முதலாளியையும் தெரியும், போகும் பாதையும் தெரியும். சிலருக்கு முதலாளிகளே நிரந்தர விசா ஏற்பாடு செய்தார்கள். மற்றவர்கள் காகிதம் இல்லாமல் போனார்கள். அதோடு 1965 அக்டோபரில் வந்த புதிய குடியேற்றச் சட்டம், மெக்சிகோ உள்ளிட்ட மேற்கு அரைக்கோள நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு முதல்முறையாக ஆண்டுக்கு 1,20,000 என்று உச்சவரம்பு வைத்து, 1968 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1964-ல் 90,000-க்கும் கீழே இருந்த எல்லைக் கைதுகள் 1970-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டின. ஒப்பந்தத்தில் வந்த ஆளுக்குப் பெயரளவிலாவது உரிமை இருந்தது, இவர்களுக்கு அதுவும் இல்லை. 1986-ல் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்கும் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு அது போனது.

இன்னொரு பாக்கியும் இருந்தது. திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்தவர்களின் கூலியில் 10 சதவீதத்தைப் பிடித்து மெக்சிகோ வங்கிகளுக்கு அனுப்பினார்கள், ஊர் திரும்பியதும் கொடுப்பதாகச் சொல்லி. பலருக்கு அது கிடைக்கவே இல்லை. முதியவர்களாகிவிட்ட பிராசெரோக்கள் பல ஆண்டுகள் ஊர்வலம் போய், வழக்காடி, 2000-களில் மெக்சிகோ அரசிடமிருந்து ஆளுக்கு 38,000 பெசோ என்று ஒரு தொகையைப் பெற்றார்கள். பழைய ஒப்பந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர்களுக்குத்தான் அதுவும் எளிதில் கிடைத்தது.

மறுபடி முடிவெடுப்பதாக இருந்தால்

திட்டத்தை மூடியது தவறு என்று நான் நினைக்கவில்லை. முதலாளியே கூலியை நிர்ணயித்து, முதலாளியே பற்றாக்குறையை உண்டாக்கி, முதலாளியே ஆளைக் கட்டிப்போடும் ஏற்பாடு எத்தனை நாள் நீடித்தாலும் கேடுதான். ஆனால் எதை மூடினார்கள் என்று பார்க்க வேண்டும். கூலியை அமுக்கியது அந்த ஆள் வந்தது மட்டும் இல்லை, வந்தவர் வேறு பண்ணைக்குப் போக முடியாததும்தான். அந்தக் கட்டை அவிழ்த்திருக்கலாம்: வந்தவர் பிடித்த பண்ணையில் வேலை செய்யலாம் என்று விட்டிருந்தால், மோசமான கொட்டகை வைத்திருந்தவருக்கு ஆள் கிடைத்திருக்காது. 1962-ல் கொண்டுவந்த மாநிலவாரிக் குறைந்தபட்சக் கூலி வேலை செய்யத் தொடங்கியிருந்ததற்கு, எண்ணிக்கை இறங்கியதே சாட்சி. அதை இன்னும் சில ஆண்டுகள் படிப்படியாக ஏற்றிப் பார்த்திருக்கலாம். அப்போதும் இயந்திரம் வந்திருக்கும், ஆனால் நான்கு பருவத்தில் வந்திருக்காது.

இயந்திரம் வருகிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. அரசின் ஒரு கை அதற்குப் பல்கலைக்கழகத்தில் பணம் கொடுத்தது, இன்னொரு கை உள்ளூர்க்காரருக்கு வயலில் வேலை வரப்போகிறது என்று வாக்குக் கொடுத்தது. இரண்டும் பேசிக்கொண்டிருந்தால், விளையாட்டு வீரர்களைத் தேடிப் போனதற்குப் பதிலாக, இயந்திரம் ஓட்டவும் பழுதுபார்க்கவும் பண்ணைத் தொழிலாளர்களையே பழக்கியிருக்கலாம். சிறு விவசாயிகள் கூட்டாக இயந்திரம் வாங்கக் கடன் கொடுத்திருக்கலாம்.

கணக்கெடுப்பும் ஒரு குறை. எத்தனை பேரை அனுப்பினோம் என்பதற்குத் துல்லியமான எண் இருந்தது. அந்த இடத்துக்கு யார் வந்தார், என்ன கூலிக்கு வந்தார், எந்தப் பயிர் சுருங்கியது என்பதைப் பயிர்வாரியாகத் தொகுத்துப் பார்க்க அரை நூற்றாண்டு ஆனது. முடிவெடுத்த மறு ஆண்டே அதைச் செய்திருந்தால் 1967-லாவது போக்கை மாற்ற முடிந்திருக்கும்.

பண்ணை வேலைக்குத் தற்காலிக விசா கொடுக்கும் முறை 1986-ல் எச்-2ஏ என்ற பெயரில் தனியாக வகுக்கப்பட்டது. 2023-ல் அதன் கீழ் 3,70,000-க்கும் மேற்பட்ட வேலைகளுக்கு அனுமதி கிடைத்தது. பிராசெரோ திட்டத்தின் உச்ச ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வரும் எண் அது. மாநிலவாரிக் குறைந்தபட்சக் கூலி இதிலும் உண்டு, உள்ளூர் ஆளை முதலில் தேட வேண்டும் என்ற விதியும் உண்டு. விசா இன்னமும் ஒரு முதலாளியோடு கட்டியதுதான். ஸ்ட்ராபெர்ரிக்குப் பொருத்தமான இயந்திரத்தைப் பல நிறுவனங்கள் சோதித்துக்கொண்டிருக்கின்றன. இப்போதைக்கு அதைக் கையால்தான் பறிக்கிறார்கள்.